நடுவர் இல்லாத ஆட்டமும் அப்பா கையெழுத்தும்

கேள்வி: அக்கா, எங்களுக்குப் பாளையங்கோட்டை. பையன் எட்டாங்கிளாஸ் முடிச்சிருக்கான். லீவுல கோல்ஃப் கேம்ப்னு ஒரு நோட்டீஸ் வந்துச்சு. கோல்ஃப் வழியா வாழ்க்கைத் திறன் சொல்லித் தருவோம், நேர்மை, பொறுமை, தன்னம்பிக்கை எல்லாம் வரும்னு போட்டிருக்கு. பிளாஸ்டிக் மட்டை வச்சு ஸ்கூல் கிரவுண்டுலயே நடக்குமாம், மாசம் நாலாயிரம். எங்க வீட்டுக்காரர் பணக்காரன் வெளையாட்டு நமக்கெதுக்குங்காரு, எங்க அத்தை இதென்ன கோட்டித்தனம்னு சிரிக்காவ. நான் ஏன் யோசிக்கேன்னா, போன பரீட்சையில கணக்குல மார்க் கொறஞ்சத மறைச்சு அவங்க அப்பா கையெழுத்த இவனே போட்டுக் குடுத்துட்டான். கிரிக்கெட்லயும் அவுட்டுன்னா ஒத்துக்கவே மாட்டான், ஒரே சண்டை. இதுல சேத்து விட்டா நேர்மை வந்துருமா?
- பேர் போட வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்:

ஏம்மா, அனுப்புங்க. ஆனா நோட்டீஸ நம்பி அனுப்பாதிய. நாலாயிரம் கட்டி ஒரு மாசம் மட்டைய சுத்துனா நேர்மை வந்துரும்னா நம்ம ஊர்ல மொதல்ல சேத்து விட வேண்டிய பெரிய ஆளுங்க லிஸ்டே என்கிட்ட இருக்கு. கோல்ஃப்ல உங்க பையனுக்குத் தேவையான விஷயம் ஒண்ணு நெசமாவே இருக்கு, ஆனா அது கேம்ப்ல ஒட்டுமா ஒட்டாதாங்கிறது பாதி உங்க வீட்லதான் இருக்கு, அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

மொதல்ல பணக்காரன் வெளையாட்டுங்கிற பேச்ச முடிச்சுருவோம். உங்க வீட்டுக்காரர் சொல்லுதது பொய்யில்ல, 18 குழி மைதானம்னா நூறு ஏக்கருக்கு மேல வேணும், அதுக்குத் தண்ணி ஊத்திப் புல்லு வளக்கணும், நம்ம ஆளுங்க கோல்ஃப் மைதானத்தப் பாக்கணும்னா மேற்க திருவனந்தபுரத்துக்குப் போகணும், இல்லாட்டி 1895-ல வெள்ளைக்காரங்க காலத்துல ஆரம்பிச்ச கொடைக்கானல் கிளப்புக்கு மலையேறணும். ஆனா டெல்லி கோல்ஃப் கிளப்ல அடுத்தவங்க மட்டைப் பையத் தூக்கிட்டு நடந்த கேடி அலி ஷேர்தான் 1991-ல இந்தியன் ஓபன ஜெயிச்சாரு, 1993-ல மறுபடியும் அவருதான். 2009-ல அதே கோப்பைய வாங்குன முனியப்பாவும் பெங்களூர்ல கேடியா இருந்து வந்தவருதான். ஹாக்கியும் வெள்ளைக்காரன் கொண்டாந்ததுதானே, கோவில்பட்டியில போயி இது யாரு வெளையாட்டுன்னு கேட்டுப் பாக்கச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரர. அதோட உங்க பையன் இப்ப போகுதது கிளப்புக்கு இல்ல, ஸ்கூல் கிரவுண்டுக்கு. அத்தை சிரிச்சா அவங்க சின்ன வயசுல குழி தோண்டி கோலி உருட்டுனாங்கல்ல, அதையே கையால உருட்டாம குச்சி வச்சுத் தள்ளுதாங்கன்னு சொல்லுங்க, குழி நாலேகால் இஞ்சு அகலம், அவ்வளவுதான், அடுத்த நாள் அவங்களே வேடிக்கை பாக்க வந்துருவாவ.

சரி, விஷயத்துக்கு வாரேன். கிரிக்கெட், கபடி, வாலிபால் எதுலயும் அம்பயர்னு ஒருத்தர் நிக்காரு. அவர் பாக்கலைன்னா தப்பிச்சாச்சு, பேட்ல பட்டு கீப்பர் கைக்குப் போனாலும் அவர் விரல தூக்குத வரைக்கும் நாம நின்னுக்கிட்டே இருக்கலாம், டிவியில பெரிய ஆளுங்களே அப்படித்தான் நிக்காங்க, நம்ம பிள்ளைங்களும் அதப் பாத்துத்தான் வளருது. கோல்ஃப்ல பெரிய போட்டின்னா விதி பாக்குதவங்க இருப்பாங்க, ஆனா ஒவ்வொரு ஆட்டக்காரன் பின்னாலயும் ஒருத்தர் நடக்க முடியாது, அத்தாம் பெரிய மைதானம். கம்மி அடியில பந்தக் குழிக்குள்ள போட்டவன்தான் ஜெயிப்பான், ஆனா எத்தனை அடி அடிச்சேங்கிறத அடிச்சவன்தான் எண்ணணும். பந்து கெடக்கிற எடத்துல கெடக்கிற மாதிரியே அடிக்கணும், புதருக்குள்ள போயிட்டா காலால தள்ளி வசதியா வச்சுக்கிடக் கூடாது, அங்கன ஒரு மனுஷன் பாக்கலைன்னாலும் கூடாது. பந்து காணும்னா தேடுததுக்கு மூணு நிமிஷம், 2019-க்கு முன்னால அஞ்சு நிமிஷமா இருந்துச்சு, அதுக்குள்ள கெடைக்கலைன்னா முன்னாடி அடிச்ச எடத்துக்கே திரும்பிப் போயி, கூட ஒரு அடி கணக்குல ஏத்திக்கிட்டு, மறுபடி அடிக்கணும்.

இதுக்குப் பேர் போன கதை ஒண்ணு உண்டு. 1925 அமெரிக்க ஓபன்ல பாபி ஜோன்ஸ்ங்கிறவர் புல்லுக்குள்ள அடிக்க நிக்கும்போது பந்து லேசா அசைஞ்சிருச்சு, வேற யாரும் பாக்கல, அதிகாரிங்க விசாரிச்சுட்டு உங்க இஷ்டம்னு விட்டுட்டாங்க. அவரு அசைஞ்சதுன்னு தனக்குத்தானே ஒரு அடி ஏத்திக்கிட்டாரு. கடைசியில ரெண்டு பேரு சமமா வந்து, பிளேஆஃப் ஆடி, ஒரே ஒரு அடியில தோத்துப் போனாரு. அந்த ஒரு அடிய ஏத்தாம இருந்தா பிளேஆஃபே வந்திருக்காது, கப்பு அவருக்குத்தான்.

உங்க பையனுக்கு இதவிட 1968 கதையத்தான் சொல்லணும், ஏன்னா அது கையெழுத்து சமாச்சாரம். போட்டியில நம்ம கார்டுல மார்க் எழுதுதது கூட ஆடுதவரு, அவருக்குப் பேரு மார்க்கர், ஆட்டம் முடிஞ்சதும் நாம சரி பாத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அர்ஜென்டினாக்காரர் ராபர்ட்டோ டி விசென்ஸோ மாஸ்டர்ஸ் போட்டியில 17-வது குழிக்கு 3 அடி அடிச்சதுக்கு மார்க்கர் 4-ன்னு எழுதிட்டாரு, இவரு கவனிக்காம கையெழுத்துப் போட்டுட்டாரு. அடிச்சத விடக் கூட எழுதிக் கையெழுத்து வச்சா அந்தக் கூட எழுதுனதே நிக்கும், அதுதான் விதி, அதனால சமமா இருந்த ஆட்டம் ஒரு அடியில கைய விட்டுப் போச்சு, அன்னைக்கு அவருக்குப் பொறந்தநாள் வேற. குறைச்சு எழுதிக் கையெழுத்துப் போட்டா பொதுவா ஆட்டத்த விட்டே வெளிய. இத லெக்சரா ஆக்காம சும்மா கதையா சொல்லி விட்டுருங்க, சாப்பிடும்போது சொன்னா போதும், உன் கையெழுத்துக் கதை மாதிரியேன்னு மட்டும் ஒட்ட வச்சுராதிய.

இந்த நோட்டீஸ்காரங்க சொல்லுதது புதுசு ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல 1997-ல ஃபர்ஸ்ட் டீன்னு ஒரு அமைப்பு இதுக்காகவே ஆரம்பிச்சு, நேர்மை, மரியாதை, பொறுப்பு, விடாமுயற்சின்னு ஒன்பது குணத்தப் பட்டியல் போட்டு, கோல்ஃப் கத்துக் குடுக்கும்போதே அதையும் சேத்து நடத்துனாங்க. பட்டியல் போடுதது சுலபம்மா. கோல்ஃப் ஆடுதவங்க எல்லாம் யோக்கியம்னா நெனைக்கிய? ஸ்கோர கொறைச்சு எழுதுத பெரிய மனுஷங்க, கோவத்துல மட்டையத் தூக்கி எறியுதவங்க உலகம் பூரா உண்டு.

அப்போ எதுக்கு அனுப்பச் சொல்லுதேன்? இந்த ஆட்டத்துல தப்புக்கு எவ்வளவு விலைன்னு முன்னாலயே தெரியும். பந்து காணாமப் போச்சா ஒரு அடி, தண்ணிக்குள்ள விழுந்துச்சா ஒரு அடி, ஒத்துக்கிட்டு, எழுதிக்கிட்டு, அடுத்த அடிய அடிக்கப் போகலாம். யாரும் கத்த மாட்டாங்க, யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, ஆட்டம் நடந்துக்கிட்டே இருக்கும். நம்ம வீடுகள்ல அப்படியா இருக்கு, கொறஞ்ச மார்க்க கொண்டாந்து காட்டுனா ஒரு நாளு சும்மா விட்டுருவோம், இன்னொரு நாளு வெளிய பட்ட கோவத்தையும் சேத்து முதுகுல ரெண்டு போடுவோம், மூணாவது நாளு சொந்தக்காரங்க முன்னால வச்சுக் கேவலப்படுத்துவோம், என்ன நடக்கும்னு பிள்ளைக்குத் தெரியாது. தெரியாத விலைய விட கள்ளக் கையெழுத்து மலிவுன்னு அவன் கணக்குப் போட்டிருக்கான். கணக்குல மார்க் கொறஞ்ச பய இந்தக் கணக்க மட்டும் சரியாத்தான் போட்டிருக்கான். கோவிச்சுக்காதிய, உங்க வீட்ல அடிக்கியன்னு நான் சொல்ல வரல, லெட்டர்ல அப்பா என்ன சொன்னாருன்னு ஒரு வரி கூட இல்ல, அதுதான் எனக்கு இடிக்கி.

கேம்ப்ல மொத வாரம் என்ன நடக்கும்னு சொல்லட்டா? பக்கத்துப் பையன் ஆறு அடியில முடிச்ச குழிய இவன் பதினொண்ணுல முடிப்பான், கார்டுல ஏழுன்னு எழுதுவான். கோச் நல்லவரா இருந்தா பொய் சொல்லுதியான்னு கேக்க மாட்டாரு, வா, ஒவ்வொரு அடியா ரெண்டு பேரும் சொல்லிப் பாப்போம்னு குழியில இருந்து பின்னால நடந்து கூட்டிட்டுப் போவாரு, அவனே பதினொண்ணுன்னு திருத்துவான். அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பதினொண்ணும்பான் பாருங்க, அங்கதான் உங்க சோலி. அப்பா டீயக் குடிச்சுக்கிட்டே பதினொண்ணா, அடேயப்பான்னு சந்தோஷப்பட்டாலும் படுவாரு, இதுல கம்மியா எடுத்தவன்தான் ஜெயிப்பாங்கிறத அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க. தெரிஞ்சுக்கிட்டு ஏல நாலாயிரம் கட்டி பதினொண்ணான்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னா முடிஞ்சு போச்சு, மறுநாள்ல இருந்து உங்களுக்கு ஆறுதான் வரும், எல்லா நாளும் ஆறுதான். பக்கத்துப் பையன் எத்தனைன்னு நீங்களும் கேக்காதிய. எந்த அடி நல்லாப் போச்சு, எது சொதப்புச்சுன்னு மட்டும் கேளுங்க, சொல்லச் சொல்ல அவனே அவன் ஆட்டத்தப் பாக்கப் பழகுவான்.

கிரிக்கெட்ல சண்டை போடுததுக்கும் இது கொஞ்சம் கேக்கும். இங்க சண்டை போட ஆளே இல்ல, பந்து அசையாம கெடக்கு, அடிச்சது இவன், கெடுத்தது இவன். அடுத்த அடிக்கு நடந்து போகுத நேரத்துல கோவம் தன்னால எறங்கும், எறங்காட்டி அடுத்த அடியும் கெடும், நாலு தடவ கெட்டா புரிஞ்சுரும்.

கையெழுத்து விஷயத்த கேம்ப் முடியட்டும்னு தள்ளிப் போடாதிய. அவனையும் கூட்டிட்டு கிளாஸ் டீச்சரப் பாத்து, இது அப்பா போட்ட கையெழுத்து இல்லைன்னு அவன் வாயாலயே சொல்ல வைங்க, அப்பா பக்கத்துல பேசாம நிக்கட்டும். அதோட விலை அவ்வளவுதான்னு போகுததுக்கு முன்னாலயே அவன்கிட்ட சொல்லிருங்க, திரும்பி வந்த பெறகு தீவாளிக்கு ஒரு தடவ பொங்கலுக்கு ஒரு தடவன்னு எடுத்துப் பேசக் கூடாது, ஆச்சியும் பேசக் கூடாது. இனிமே பரீட்சை எழுதிட்டு வந்த அன்னைக்கே எவ்வளவு வரும்னு அவனையே ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க, பேப்பர் வந்ததும் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கட்டும். மார்க் கொறஞ்சாலும் அவன் எழுதுனதும் வந்ததும் கிட்டக்க இருந்துச்சுன்னா அதுக்கு ஒரு சபாஷ் போடுங்க.

நீங்க கிரவுண்டுக்குப் போயி நிக்கலாமான்னு கேப்பீங்க. நிக்கலாம். நம்ம இந்தியாவுக்கு கோல்ஃப் ஆடுன அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஒரு அடியில மெடல விட்டு நாலாவதா வந்தாங்கல்ல, அங்க அவங்க பையத் தூக்கிட்டு நடந்தது அவங்க அம்மாதான். ஆனா கேடிக்கும் விதி உண்டு, யோசனை சொல்லலாம், ஆட்டக்காரர் அடிக்க நின்னாச்சுன்னா நேரா பின்னால நின்னு குறி பாத்துச் சொல்லக் கூடாது, 2019-ல இருந்து அப்படி. நீங்க கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில உக்காருங்க.

பணம் கட்டுததுக்கு முன்னால கோச்ச நேர்ல பாத்துப் பேசுங்க. அடி எண்ணுதது யாரு, பிள்ளைங்களா, நீங்களான்னு கேளுங்க, நாங்கதான் எண்ணுவோம்னாருன்னா அது வெறும் மட்டை சுத்துத கேம்ப், வேண்டாம். ஒருத்தருக்கு எத்தனை பிள்ளைங்க, ஒருத்தன் சுத்தும்போது மத்தவங்க எவ்வளவு தள்ளி நிக்கணும்னு கோடு போட்டிருக்காங்களான்னும் பாருங்க, பிளாஸ்டிக்னாலும் பல்லுல பட்டா பல்லுதான். பொம்பளப் பிள்ளைங்கள சேக்காங்களான்னும் ஒரு வார்த்தை கேளுங்க, நோட்டீஸ்ல மரியாதைன்னு போட்டிருக்காங்கல்ல.

நாலாயிரம் கஷ்டம்னா விட்டுருங்க, ஒண்ணும் குடி முழுகாது. தெருக்கோடியில காலி மனை இருந்தா பழைய ஹாக்கி மட்டை, டென்னிஸ் பந்து, மண்ணுல பொதச்ச நாலு டின்னு போதும். கூட்டாளிங்க ரெண்டு பேரச் சேத்துக்கிட்டு, ஒருத்தன் கார்ட இன்னொருத்தன் எழுதி, ஆடுனவன் சரி பாத்துக் கையெழுத்துப் போடணும்னு மட்டும் வைங்க. அக்னி நட்சத்திரம் வருது, காலையில எட்டு மணிக்குள்ள முடிச்சுரச் சொல்லுங்க. கேம்புக்குத்தான் அனுப்புதீங்கன்னா மொத்தமா கட்டாம மொத வாரத்துக்கு மட்டும் ஆயிரம் வாங்கிக்கிடுவாங்களான்னு கேட்டுப் பாருங்க, முக்காவாசிப் பேரு சரிம்பாங்க.