போர்டில் நியூட்ரல் இல்லை, ஸ்மார்ட் சுவிட்ச் போடலாமா?

கேள்வி: ஹால் விளக்குக்கு ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கியிருக்கிறோம். நியூட்ரல் தேவை என்று அட்டையில் போட்டிருக்கிறது. எங்கள் சுவிட்சில் இரண்டே ஒயர்கள்தான். எர்த்தில் இணைத்தால் ஓடும் என்கிறார்களே?

பதில்: ஓடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சாதாரண சுவிட்ச் ஃபேஸை விடும், நிறுத்தும், அவ்வளவுதான். அதற்கு இரண்டு ஒயர் போதும். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் இருக்கும் வைஃபை ரேடியோ, விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கான மின்சாரம் திரும்பிப் போகும் வழிதான் நியூட்ரல். அதை எர்த்தில் விட்டால் இரவு பகலாகக் கசிவு ஓடும். மற்ற கருவிகளின் கசிவும் சேர்ந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) அடிக்கடி ட்ரிப் ஆகலாம். எர்த் எங்காவது அறுந்துபோனால், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலேயே மின்சாரம் ஏறிவிடும்.

அதே போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் அங்கே வந்திருக்கும். ஆனால் உடனே இழுத்துவிடக் கூடாது. மெயின் போர்டில் விளக்குக்கான எம்.சி.பி.யை (அந்தச் சர்க்யூட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் இறக்குங்கள். பிளக்கும் செத்துவிட்டால் இரண்டும் ஒரே சர்க்யூட், எடுக்கலாம். பிளக்கில் மின்சாரம் இருந்தால் அது வேறு சர்க்யூட். அதன் நியூட்ரலைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. இருந்தால், அவை ட்ரிப் ஆகலாம்.

இன்னொன்று: மல்டிமீட்டர் 230 வோல்ட் காட்டுவதை வைத்து நியூட்ரல் என்று முடிவு செய்ய முடியாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் காட்டும். ஒயர் நிறத்தையும் நம்ப வேண்டாம். மெயின் போர்டில் நியூட்ரல் பாரிலிருந்து வருகிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

மாட்டும்போது மெயினை அணைத்து, ஒயர்களில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, பழைய இணைப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் ஃபேஸ் 'எல்'-லில், நியூட்ரல் 'என்'-னில், விளக்குக்குப் போகும் ஒயர் 'எல்1' அல்லது 'அவுட்' என்ற முனையில். ஒயரின் மேலுறையை 7, 8 மில்லிமீட்டர் சீவினால் போதும். திருகிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்கள். தளர்ந்த இணைப்புதான் சூடேறிக் கருகும். சுவருக்குள் இருக்கும் பெட்டியின் ஆழத்தை வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஆழம் போதாமல் ஒயர்களை நெருக்கித் திணித்து மூடினால் அவை முனையிலிருந்து நழுவும்.

கேள்வி: நியூட்ரல் தேவைப்படாத மாடல் போட்டோம். அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிகிறது, சிலசமயம் மினுக்குகிறது. சுவிட்ச் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. இந்த மாடல்கள் தமக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை விளக்கின் வழியாகவே இழுத்துக்கொள்கின்றன. பழைய குண்டு பல்பில் அது தெரியாது; 3, 5 வாட் எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும், லேசாக எரியத் தொடங்கிவிடும். பல மாடல்களின் பெட்டியிலேயே ஒரு சிறு கெபாசிட்டர் வரும். அதை விளக்கின் இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே, ஹோல்டர் பக்கத்தில் மாட்ட வேண்டும். சுவிட்ச் பக்கத்தில் அல்ல. ஒரே சுவிட்சில் நான்கு விளக்கு எரிந்தாலும் பெரும்பாலும் ஒன்று போதும். எங்கள் கருத்து: நியூட்ரல் கொண்டுவர வழியிருந்தால் அதையே செய்யுங்கள்.

கேள்வி: போன் வைஃபையில் இருக்கிறது, ஆனால் சுவிட்ச் மட்டும் சேரவில்லை.

பதில்: வைஃபையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவிட்டுச் சேருங்கள். சேர்ந்த பிறகும் அடிக்கடி விட்டுப்போனால் சுவரில் இரும்புப் பெட்டி இருக்கிறதா பாருங்கள். அது சிக்னலைத் தடுக்கும்.

கேள்வி: அதே சுவிட்சில் ஃபேனையும் போடலாமா?

பதில்: ஆன், ஆஃப் மட்டும் என்றால் போடலாம், ரெகுலேட்டர் தனியாக இருக்கட்டும். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் ஃபேனை ஒருபோதும் இணைக்காதீர்கள்; மோட்டார் உறுமும், சூடேறும். வேகத்தையும் போனில் மாற்ற வேண்டுமென்றால் ஃபேனுக்கென்றே வரும் மாடலை வாங்குங்கள். சுவிட்சில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும் அது ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. எல்.இ.டி. விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதனால் ரிலேயின் (சுவிட்சுக்குள் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பகுதி) முனைகள் ஒட்டிக்கொண்டால் விளக்கு அணையவே அணையாது. எல்.இ.டி.க்கு எத்தனை வாட் என்று தனியாகக் குறித்திருப்பார்கள், அதைப் பாருங்கள்.