கழற்றி மாட்டும் போனுக்காக 60,000 ரூபாய்க் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. 2023 கடைசியில் 24,000 ரூபாய்க்கு வாங்கிய என் போனில் இப்போது மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. மற்றபடி குறை இல்லை. "அந்த போனை எப்பக்கா தருவே?" என்று தம்பி கேட்க ஆரம்பித்துவிட்டான். 2019-இல் 18,000-க்கும், 2021-இல் 21,000-க்கும் வாங்கிய போன்களும் இப்படி அவனுக்குத்தான் போயின. இரண்டும் ஒரு வருஷம்கூட ஓடாமல் உடைந்து எங்கள் வீட்டு டிராயரில் கிடக்கின்றன. இப்படிக் குப்பை சேர்ப்பது மனதை உறுத்துகிறது. நெதர்லாந்தில் இருக்கும் பெரியப்பா மகள் ஜனவரியில் ஊருக்கு வருகிறாள். ஃபேர்போன் என்று ஒன்று இருக்கிறது, பாகங்களை நாமே கழற்றி மாற்றலாம், எட்டு வருஷம் உழைக்கும், 599 யூரோ, வாங்கி வரட்டுமா என்கிறாள். ஒரு கடன் ஆப்பில் 60,000 ரூபாய் பெர்சனல் லோன் தயாராக இருப்பதாகக் காட்டுகிறது. 24 சதவீத வட்டி, 12 மாதத் தவணை. தம்பி பைக் வாங்கியபோது வைத்த நகைக்கடன் 80,000 ரூபாய் பாக்கி. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறோம். சுற்றுச்சூழலுக்காக இந்தச் செலவைச் செய்யலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: கணக்கு எழுதுபவர் நீங்கள். 24 சதவீதக் கடனில் போன் வாங்குவது நல்லதா என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடிதத்தில் உங்களுக்கே தெரியாமல் நீங்கள் எழுதிவிட்ட விஷயம் வேறு. ஆறு வருஷத்தில் மூன்று போன். மூன்றையும் நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள், ஒன்றைக்கூட மூன்றாவது வருஷத்தில் வைத்திருந்ததில்லை. இரண்டு வருஷம் ஆனதும் தம்பி கேட்கிறார், கொடுக்கிறீர்கள், கடைக்குப் போகிறீர்கள். பேட்டரி ஒவ்வொரு தடவையும் நல்ல சாக்காக அமைந்துவிடுகிறது.

முதலில் அந்த போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மோசமான பொருள் இல்லை. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த நிறுவனம், 2013-இலிருந்து இதையே செய்துகொண்டிருக்கிறது. உங்கள் அக்கா சொல்லும் ஆறாவது மாடல் 2025 ஜூனில் வந்தது. டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்ட், கேமரா என்று 12 பாகங்களை ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம். பேட்டரி சுமார் 40 யூரோ, டிஸ்ப்ளே சுமார் 90 யூரோ. ஐந்து வருஷ வாரண்டி, 2033 வரை சாஃப்ட்வேர் அப்டேட். இதெல்லாம் விளம்பரப் பேச்சு இல்லை, உண்மைதான்.

ஆனால் இதில் விட்டுக்கொடுப்பதும் இருக்கிறது. அந்த விலைக்கு மற்ற கம்பெனிகள் தரும் வேகமோ கேமராவோ இதில் கிடைக்காது. நான்காவது மாடலில், 2021-இல், ஹெட்போன் ஓட்டையை எடுத்துவிட்டு, அதே சமயத்தில் ஒயர்லெஸ் இயர்பட்ஸ் விற்கவும் தொடங்கியது இந்த நிறுவனம். குப்பையைக் குறைப்போம் என்றவர்கள் ஏன் அதைச் செய்தார்கள் என்று அவர்களின் ரசிகர்களே அப்போது கேட்டார்கள். இருக்கட்டும், அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம், அந்த போன் இந்தியாவில் விற்கப்படவில்லை. வாரண்டியும் சர்வீஸும் உதிரிபாகமும் ஐரோப்பாவில். ஈரோட்டில் ஒரு நாள் டிஸ்ப்ளே போனால், உங்கள் அக்கா அடுத்த முறை ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது வருகிறவர் பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டும். ஐந்தே நிமிஷத்தில் மாற்றிவிடக்கூடிய பாகத்துக்கு ஐந்து மாதம் காத்திருந்தால் அதை ரிப்பேர் செய்ய வசதியான போன் என்று எப்படிச் சொல்வது? அந்த ஐந்து மாதத்துக்கு நீங்கள் இன்னொரு போன் வாங்குவீர்கள். அது டிராயருக்குப் போகும்.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை விடுங்கள், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனை மொபைல் சர்வீஸ் கடை என்று எண்ணிப் பாருங்கள். அதிகம் விற்ற மாடலாக இருந்தால், கோந்து போட்டு ஒட்டியதாகவே இருந்தாலும், ஹீட் வைத்துப் பிரித்து பேட்டரி மாற்ற ஆள் இருக்கிறார், பாகமும் இருக்கிறது. ஆகவே நம்மூரில் எளிதில் ரிப்பேர் ஆகும் போன் என்பது பெரும்பாலும் எல்லார் கையிலும் இருக்கும் போன்தான். அதிலும் குறை உண்டு. டூப்ளிகேட் பேட்டரி மாட்டிவிடுவார்கள்; ஒருமுறை பிரித்த போனில் தண்ணீர் தாங்கும் தன்மையை நம்ப முடியாது. அதனால் பேட்டரிக்கு மட்டும் கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்கே போங்கள் என்பேன். கூடுதலாக 500 ரூபாய் ஆனாலும் பரவாயில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். தோராயக் கணக்குதான், யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

இதுவரை மூன்று போனுக்கு 63,000 ரூபாய். தவணைக் கட்டணம், கவர், டெம்பர்டு கிளாஸ் என்று ஒரு 4,000 சேர்த்தால் 67,000. அதை ஆறு வருஷத்துக்கு, அதாவது 72 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 930 ரூபாய். போன் வைத்திருக்க உங்களுக்கு ஆகும் மாத வாடகை என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேர்போன்: 60,000 ரூபாய்க்கு 24 சதவீதத்தில் 12 மாதத் தவணை ஏறக்குறைய 5,675. மொத்தம் கட்டுவது 68,100. பிராசசிங் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்து ஜிஎஸ்டியும் சேர்த்தால் இன்னொரு 1,400. ஆக 69,500. நடுவில் ஒரு பேட்டரி 4,000. எட்டு வருஷமும் வைத்திருந்தால் 73,500-ஐ 96 மாதத்துக்கு வகுக்க வேண்டும், மாதம் 765 ரூபாய். உங்கள் இப்போதைய பழக்கத்தைவிட மலிவு! இந்த இடத்தில்தான் பலரும் மயங்குகிறார்கள். கேட்கிறேன், எட்டு வருஷம் வைத்திருக்கப் போவது யார்? உங்கள் வழக்கப்படி இரண்டாவது வருஷம் தம்பி கேட்டு நீங்கள் கொடுத்துவிட்டால், 69,500-ஐ 24 மாதத்துக்கு வகுங்கள். மாதம் 2,900.

இப்போது கையில் இருக்கும் போன்: ஏற்கெனவே கொடுத்த 24,000, புது பேட்டரிக்கு 2,000, நடுவில் ஏதாவது சார்ஜிங் போர்ட், ஸ்பீக்கர் போனால் 3,000. ஐந்து வருஷம் வைத்திருந்தால் 29,000-ஐ 60-ஆல் வகுத்து மாதம் 483. ஃபேர்போனை எட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து கிடைக்கும் கணக்கைவிடவும் இது குறைவு. கடன் இல்லை, கஸ்டம்ஸ் கவலையும் இல்லை.

ஃபேர்போன் மாதிரி போன்களின் லாபம் முழுக்க நாலாவது வருஷத்துக்குப் பிறகுதான் வருகிறது. அதுவரை நீங்கள் கூடுதல் விலையைச் சுமக்கிறீர்கள், அவ்வளவுதான். நாலாவது வருஷத்தை ஒருமுறைகூட எட்டாதவருக்கு அந்த லாபம் எட்டாது. சுற்றுச்சூழல் கணக்கும் இதேதான்: ஒரு ஸ்மார்ட்போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. தினமும் சார்ஜ் போடுவதால் வருவது கொஞ்சம். ஆகவே புதிதாக எந்த போனைச் செய்யாமல் விடுகிறோமோ அதுவே சேமிப்பு. கையில் இருக்கும் போனை முடிந்தவரை வைத்திருங்கள் என்று ஃபேர்போன் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறது. உங்கள் மனதை உறுத்துவதற்கு மருந்து 2,000 ரூபாய் பேட்டரி. 60,000 ரூபாய்க் கடன் அந்த உறுத்தலுக்குக் கட்டும் அபராதம்.

இனி தம்பி. பழைய போன் இன்னொருவருக்குப் பயன்படுவது நல்ல காரியம். அவர் ஒவ்வொன்றையும் மூன்று வருஷம் ஓட்டியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஒரு வருஷம்கூட ஓடவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். சும்மா வருகிற பொருளுக்குக் கவரும் போடமாட்டார்கள், டெம்பர்டு கிளாஸும் ஒட்டமாட்டார்கள். உங்கள் அம்மா "அக்காதானே, குடுத்தா என்ன குறைஞ்சிடப் போகுது" என்பார் என்று ஊகிக்கிறேன். குறைவது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இருபது ஆயிரத்துக்கு மேல். அம்மாவிடம் சண்டை போட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். டிராயரில் இருக்கும் இரண்டில் 2021 போனை எடுத்துக்கொண்டு தம்பியையே சர்வீஸ் கடைக்கு அனுப்புங்கள். டிஸ்ப்ளேவும் பேட்டரியும் மாற்ற என்ன ஆகும் என்று அவர் கேட்டு வரட்டும். 5,000-க்குள் முடிந்தால் பாதியை நீங்கள் கொடுங்கள், பாதியை அவர் போடட்டும். தன் காசு 2,500 போனால் கவர் தானாக வந்துவிடும். அதற்கு மேல் ஆனால், பைக் ஓட்டுகிறவர் தன் சம்பளத்தில் ஒரு பத்தாயிரம் ரூபாய் போன் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் கார்டில் வேண்டாம், உங்கள் பெயரில் தவணை வேண்டாம். இதில் மட்டும் தயவுசெய்து இளகாதீர்கள்.

அந்த ஆப் கடனை மூடிவிட்டு அதே 5,675-ஐ மாதாமாதம் நகைக்கடனில் அசலாகக் கட்டுங்கள். ஒன்றேகால் வருஷத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். போன் தவணை கட்ட உங்களால் முடியும் என்றால் இதுவும் முடியும்தானே? அப்புறம், வங்கியில் மாதம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி (தொடர் வைப்பு) போடுங்கள், போனுக்கென்றே. மூன்று வருஷத்தில் 18,000-மும் வட்டியும் சேர்ந்திருக்கும். இதற்குப் போய் மியூச்சுவல் ஃபண்ட் தேட வேண்டாம்.

மூன்று வருஷம் கழித்து அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி. செக்யூரிட்டி அப்டேட் எந்த வருஷம் வரை? நம் ஊரில் போனின் உண்மையான ஆயுளை முடித்துவைப்பது இதுதான். உடம்பு நன்றாக இருக்கும், வங்கி ஆப் "உங்கள் ஆண்ட்ராய்டு பழையது" என்று நின்றுவிடும். நம் கையில் யுபிஐ இல்லாமல் முடியாது. திறந்து மாற்றும் வசதிக்காகவே பேசப்பட்ட எச்எம்டி ஸ்கைலைன் 2024-இல் இந்தியாவில் 35,999 ரூபாய்க்கு வந்தது. செக்யூரிட்டி அப்டேட் மூன்றே வருஷம். அதே வருஷம் அதில் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்த சாம்சங் ஏ16 5ஜி-க்கு ஆறு வருஷம், ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. இரண்டில் ஒன்று என்றால் நான் ஆறு வருஷத்தைத்தான் எடுப்பேன். பிரிக்கத்தான் கடைக்காரர் இருக்கிறாரே. இரண்டாவது கேள்வி: அந்த மாடலுக்கு பேட்டரியும் டிஸ்ப்ளேவும் என்ன விலை, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா? வாங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். டிஸ்ப்ளே விலை போன் விலையில் பாதிக்கு மேல் என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் இதெல்லாம் சட்டம். விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் உதிரிபாகம் தர வேண்டும், ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும், எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று லேபிளிலேயே போட வேண்டும். இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. போன்களுக்கு ரிப்பேர் மதிப்பெண் தர வேண்டும் என்று ஒரு குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்தது. அந்த மதிப்பெண் கடைக்கு வரும்வரை நாம்தான் வாய்திறந்து கேட்க வேண்டும்.

கடையில் "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று சொல்வார்கள். மொத்தப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி என்ன என்று கேட்டுப் பாருங்கள், காஸ்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. "உறுதியான பைபேக்" திட்டங்கள் இன்னும் மோசம்: முன்பணம் கட்டி, இரண்டு வருஷத்துக்குள் போனைத் திருப்பிக் கொடுக்கத் தூண்டுபவை. உங்களுக்கு அந்தத் தூண்டுதல் வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

டிராயரில் மிஞ்சும் 2019 போனின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேடாக இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, அதைச் சார்ஜில் போடவே போடாதீர்கள், வீட்டிலும் வைத்திருக்க வேண்டாம். பழைய பேப்பர்காரரிடமும் போடாதீர்கள். மின்கழிவு விதிகளின்படி பழைய போன்கள் மறுசுழற்சிக்குப் போவதற்கான பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. உங்கள் போனுக்கு பேட்டரி மாற்றப் போகும் அன்று அதையும் எடுத்துப்போய், சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். போவதற்கு முன் உங்கள் போனை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.