ஆர்முடுகலும் முடுக்கமும்: வீட்டுப் படிப்புக்கு வீடியோச் சந்தா

வணக்கம் அண்ணா,

மல்லாவிப் பக்கம் இருந்து எழுதுறன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் தரம் 8, சின்னவள் தரம் 3. பக்கத்து வளவில என்ர அண்ணன் குடும்பம், அவையின்ர மகள் தரம் 5. மூத்தவனுக்கு வருத்தம் வந்து ஒரு தவணை முழுக்கப் பள்ளிக்கூடம் போகேல்லை. அதோட மூன்று பேரையும் வீட்டில வைச்சே படிப்பிப்பம் எண்ட யோசனை வந்திட்டுது. நான் ஏ.எல். கலைப்பிரிவு. கணிதமும் விஞ்ஞானமும் எனக்கு வராது. போனில ஒரு பாட வீடியோச் சந்தாவுக்கு விளம்பரம் வருது. தமிழ்நாட்டுத் தமிழ், தரம் 1 இலிருந்து 10 வரைக்கும் இருக்கு. மாதம் 12 டொலர், வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 96. இரண்டு வீடும் சேர்ந்து ஒரு கணக்கு எடுக்கலாமா? மூன்று பிள்ளைக்கும் உதவுமா? வீட்டில 4ஜி ரவுட்டர் இருக்கு.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

வருடச் சந்தா வேண்டாம். 96 டொலர் என்பது எட்டு மாதக் காசு. ஒன்பதாவது மாதமும் பிள்ளை அதைத் திறந்து பார்த்தால்தான் கழிவு உங்களுக்கு லாபம். பாட வீடியோக்களைப் பிள்ளைகள் முதல் மூன்று வாரம் விழுந்து விழுந்து பார்ப்பார்கள். பிறகு மெல்ல விட்டுவிடுவார்கள். எடுப்பதென்றால் மூத்தவனுக்கு மட்டும், கணிதத்துக்கு மட்டும், ஒரு மாதத்துக்கு எடுங்கள். அதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதலில் பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கும் விஷயம். இலங்கையில் 5 வயது தொடங்கி 16 வயது வரை கட்டாயக் கல்வி. விடுகைப் பத்திரம் எடுத்துவிட்டு வீட்டில் இருத்துவது லேசான காரியமில்லை. அதிபரோடு கதையுங்கள், துணுக்காய் வலயக் கல்வி அலுவலகத்திலும் கேளுங்கள். மூத்தவனின் வருத்தத்துக்கான மருத்துவக் கடிதத்தைக் கொடுத்து, பெயரை இடாப்பில் வைத்துக்கொண்டே வீட்டில் படிப்பிக்க வழி உண்டா என்று பாருங்கள். அண்ணன் மகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவதென்றால் விண்ணப்பம் பள்ளிக்கூடம் ஊடாகத்தான் போகும். அவளை இந்த வருடம் அசைக்கவே வேண்டாம். தரம் 11 முடிவில் வரும் ஓ.எல். பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம் என்பது உண்மை. ஆனால் அது மூத்தவனுக்கு இன்னும் மூன்று வருடம் தள்ளியுள்ள கதை.

இனி சந்தா. பெரிய சிக்கல் பாடத்திட்டமும் கலைச்சொற்களும்தான். தமிழ்நாட்டு வீடியோ தமிழில்தான் இருக்கும், ஆனால் பாடப் புத்தகத் தமிழ் வேறு. எங்கள் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. எங்களுக்குக் கலம், இழையம், ஒட்சிசன். அவர்களுக்குச் செல், திசு, ஆக்சிஜன். எங்கள் அட்சரகணிதம் அங்கே இயற்கணிதம், எங்கள் தொடை அங்கே கணம், எங்கள் நிறைவெண்கள் அங்கே முழுக்கள், எங்கள் அமுக்கம் அங்கே அழுத்தம், எங்கள் ஆர்முடுகல் அங்கே முடுக்கம். இவை வேறு வேறு சொற்கள் என்பதால் பிள்ளை ஒருநாள் குழம்பும், பிறகு பழகிவிடும்.

ஒரே சொல் இரண்டு பக்கமும் வேறு பொருளில் நிற்கும் இடம்தான் ஆபத்து. எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் திசை இல்லாதது கதி, திசை உள்ளது வேகம். தமிழ்நாட்டில் திசை இல்லாததுதான் வேகம், திசை உள்ளது திசைவேகம். வீடியோவில் 'வேகத்துக்குத் திசை கிடையாது' என்று கேட்டுப் படித்த பிள்ளை அதையே இங்கே பரீட்சையில் எழுதினால் பிழை. அவனுக்கு ஏன் பிழை என்றும் விளங்காது, உங்களுக்கும் விளங்காது. தரம் 8 இல் இது பெரிதாக இடிக்காது. 10, 11 க்குப் போகும்போது இடிக்கும். ஒரு கொப்பியில் நடுவே கோடு கீறி, இடப்பக்கம் புத்தகச் சொல், வலப்பக்கம் வீடியோச் சொல் என்று பிள்ளையையே எழுதவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கணிதத்தை மட்டும் சொன்னதற்குக் காரணமும் இதுதான். சமன்பாட்டைத் தீர்க்கும் படிகள் எந்த ஊரிலும் ஒன்றுதான். விஞ்ஞானத்தில் சொல் இடிக்கும். வரலாறும் குடியியலும் வேறு நாட்டினுடையவை. சமயமும் தாய்மொழியும் எங்கள் புத்தகத்தில்தான். ஓ.எல்.லில் ஒன்பது பாடம், அதில் இந்தச் சந்தா நேராக உதவுவது ஒன்றுக்கு, அரைகுறையாக இன்னொன்றுக்கு. 12 டொலரை அந்தக் கணக்கில் நினைத்துப் பாருங்கள்.

இலவசமாக என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் எல்லாத் தரப் புத்தகமும் தமிழில் பி.டி.எஃப். ஆக உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையத்தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் உண்டு. உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி. அது பிள்ளைக்கல்ல, உங்களுக்கு. எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை, எதை முதலில் தொடுவது, எதைச் செய்யவைப்பது எல்லாம் அதில் இருக்கும். கணிதம் வராது என்கிறீர்கள். தரம் 8 வழிகாட்டியை ஒருநாள் முன்கூட்டி வாசித்தால் முக்கால்வாசி வரும். 2020 கொரோனா முடக்கத்துக்குப் பிறகு எங்கள் ஊர் ஆசிரியர்கள் யூடியூபில் ஏற்றிய பாடங்களும் கனக்க உண்டு. ஒலி கரகரக்கும், வெண்பலகையில் வெளிச்சம் அடிக்கும், ஆனால் சொல் எங்கள் சொல்.

இவ்வளவுக்கும் பிறகு இடைவெளி இருந்தால் சந்தாவைச் சோதியுங்கள். இலவச ஏழு நாளோ, ஒரு மாதமோ. மூத்தவன் தவறவிட்ட தவணையில் ஒரு அலகை எடுங்கள், திசைகொண்ட எண்கள் (+, − குறியோடு வரும் எண்கள்) என்று வைப்போம். புத்தகத்தின் உபதலைப்புகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வீடியோ இருக்கிறதா என்று தேடிச் சரி போடுங்கள். பத்தில் ஆறுக்குக் கீழே என்றால் அங்கேயே விட்டுவிடலாம். வகுப்பு இலக்கத்தை நம்பித் தேடவேண்டாம். எங்கள் தரம் 8 இல் வருவது அங்கே 7 இல் இருக்கலாம், 9 இலும் இருக்கலாம்.

பிறகு ஒரு வீடியோவை இப்படிப் பார்க்கவிடுங்கள். ஆசிரியர் (−5) + 8 என்று எழுதியவுடன் நிறுத்தவேண்டும். பிள்ளை கொப்பியில் தானே செய்யவேண்டும். பிறகு ஓடவிட்டு ஒப்பிடவேண்டும். இப்படிப் பார்த்தால் 12 நிமிட வீடியோவுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், பிடிக்கத்தான் வேண்டும். நிறுத்தாமல் பார்க்கும் பிள்ளை 'விளங்குது' என்றுதான் சொல்லும். பொய் சொல்லவில்லை. இன்னொருவர் செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அடுத்த நாள் காலையில், வீடியோவைக் காட்டாமல், புத்தகத்துப் பயிற்சியில் ஐந்து கணக்குக் கொடுங்கள். நாலு சரியென்றால் அந்த ஆசிரியர் அவனுக்குப் பொருந்துகிறார். இரண்டு என்றால் பொருந்தவில்லை.

செயலியில் வரும் வினாடிவினாவின் புள்ளியைக் கணக்கில் எடுக்காதீர்கள். நாலு விடையில் ஒன்றைத் தொட்டு, சிவப்பு வந்தால் அடுத்ததைத் தொட்டு, பச்சை வரும்வரைக்கும் தட்டுவது பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே கைவந்துவிடும். ஓ.எல். கணிதத்தில் படிமுறைக்கும் புள்ளி உண்டு. கொப்பியைத் திருத்த ஒரு ஆள் வேண்டும். அதைச் சந்தா செய்யாது. கிழமைக்கு ஒருதரம் ஊரில் ஒரு கணித ரீச்சரிடம் கொப்பியைக் காட்ட ஒழுங்கு செய்தால், ரீச்சருக்குக் கொடுக்கும் காசுக்குச் சந்தாக் காசைவிடப் பெறுமதி அதிகம்.

டேட்டாவுக்கு வருவோம். ஒரு மணித்தியால வீடியோவுக்கு 360பி தரத்தில் ஏறத்தாழ 0.3 ஜிபி, 480பியில் அரை ஜிபி, 720பியில் ஒன்றிலிருந்து ஒன்றரை ஜிபி. மூன்று பிள்ளைகள், ஆளுக்கு 40 நிமிடம், மாதத்தில் 22 நாள் என்றால் 44 மணித்தியாலம். 480பியில் 22 ஜிபி, 720பியில் 44 இலிருந்து 66. செயலிகள் தாங்களாகவே உயர்ந்த தரத்துக்குத் தாவும், ஆகவே அமைப்புகளுக்குள் போய் 480 இல் நிறுத்திவையுங்கள். பலகை எழுத்து வாசிக்க அது போதும்.

இதில் பலர் ஏமாறும் ஒரு இடம் உண்டு. யூடியூபுக்கான டேட்டாப் பொதி போட்டிருக்கிறோமே, அதில் ஓடும் என்று நினைப்பார்கள். சந்தாச் செயலியின் வீடியோ யூடியூபில் இருந்து வருவதில்லை. அது உங்கள் சாதாரண டேட்டாவைத்தான் தின்னும். இரவு டேட்டா உள்ள பொதியென்றால் இரவில் தரவிறக்கிவிட்டுப் பகலில் பார்க்கலாம், மார்கழி மழையில் சிக்னலும் கரண்டும் போகும் நாளுக்கும் அதுதான் கைகொடுக்கும். ஆனால் செயலிக்குள் தரவிறக்கியவை பெரும்பாலும் அந்தச் செயலிக்குள் மட்டும்தான் திறக்கும், சந்தா முடிந்தால் அவையும் பூட்டுப்படும். 'இறக்கி வைத்துக்கொண்டு பிறகு நிறுத்துவம்' என்ற யோசனை சரிவராது. 32 ஜிபி போன் என்றால் பாதி ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அதையும் பாருங்கள்.

கணக்கைப் பங்குபோடுவது பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலான சேவைகளின் நிபந்தனை ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்றுதான் இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை கருவியில் ஓடும் என்பதற்கும் எல்லை உண்டு. அதைவிட, மூன்று பிள்ளைகளும் கணக்குக்குள் ஒரே சுயவிபரத்தில் (புரொஃபைல்) பார்த்தால், தரம் 3 பிள்ளையின் விடைகளை வைத்துத் தரம் 8 பிள்ளைக்குப் பயிற்சி வரும். பிள்ளைக்கொரு சுயவிபரம் திறக்க முடியாத சந்தா உங்களுக்குச் சரிவராது.

சின்னவளுக்கு இது தேவையே இல்லை. தரம் 3 இல் முக்கியமாகத் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள். தவளை எப்படி முட்டையிடும் என்று அசைபடத்தில் காட்டுவதற்கு 12 டொலர் கட்டி, வவுனிக்குளத்துக்குக் கிட்ட இருந்துகொண்டு பார்ப்பதா? மழை தொடங்கியதும் வாய்க்காலில் ஒரு போத்தல் தண்ணீரோடு வாற்பேத்தைகளை அள்ளி அகலமான சட்டியில் விட்டு, இரண்டு நாளைக்கொருதரம் பாதித் தண்ணீரை மாற்றி, கால் முளைக்கிற நாளைக் கொப்பியில் கீறச் சொல்லுங்கள். பின்கால் முதலில் வரும். முன்கால் வந்ததும் ஏறி இருக்க ஒரு கல் வையுங்கள். இல்லாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும்.

ஆங்கிலம் ஓரளவு விளங்கினால் மூத்தவனுக்கு இன்னொரு வழி. கான் அகடமி என்ற பாட வீடியோத் தளம் முழுக்க இலவசம். அதன் பாடங்களைக் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளில் ஒரு பழைய மடிக்கணினிக்குள் இறக்கிவிட்டால், பிறகு இன்டர்நெட் இல்லாமலே வீட்டு வைஃபையில் மற்றப் போன்களிலும் திறக்கும். முழுதாக இறக்கினால் பல பத்து ஜிபி போகும். வேண்டிய தலைப்புகளை மட்டும் தெரிந்து இறக்கலாம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருநாள் இருந்து இறக்கிக்கொண்டு வந்தால் இரண்டு வீட்டுக்கும் போதும், பங்குபோட யாரும் தடையும் சொல்லமாட்டார்கள்.

சந்தாவைச் சோதித்துப் பார்ப்பதென்று முடிவெடுத்தால், கட்டிய அன்றே ரத்துச் செய்துவிடுங்கள். காசு கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலும் திறந்தே இருக்கும், அடுத்த மாதம் தானாக வெட்டாது. பிளே ஸ்டோர் வழியாகக் கட்டினால் அங்கே வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, பணமளிப்பும் சந்தாக்களும் என்ற இடத்தில் நிறுத்தலாம். அவர்களின் தளத்தில் அட்டையால் கட்டினால் அந்தத் தளத்திலேதான் நிறுத்தவேண்டும். செயலியைப் போனிலிருந்து அழிப்பதால் சந்தா நிற்காது, டொலர் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். இலவச ஏழு நாளென்றால் ஐந்தாம் நாளுக்கு போனில் அலாரம் வையுங்கள்.