வெறுப்புக்கு மாத்திரை உண்டா, டாக்டர்?

கேள்வி: எங்கள் வீட்டு மாடி போர்ஷன் நாலு மாதமாகக் காலி. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக் குடும்பம் ஒன்று வாடகைக்குக் கேட்டது. என் மாமியாருக்கு 68 வயது, எட்டாவது வரை படித்தவர். ‘வடக்கத்திக்காரங்க வேண்டவே வேண்டாம்’ என்று ஒரே பிடிவாதம். இந்த ஒரு வருடமாகத்தான் இது அதிகம்; பாத்திரத்தை எடுத்துவிட்டாள் என்று வேலைக்கு வரும் அக்காவையும் சந்தேகப்படுகிறார். என் கணவர் இன்ஜினீயர், கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ‘படிக்காதவங்க புத்தி அவ்வளவுதான்’ என்கிறார். அவருக்கோ பட்டை போட்டவர், மாலை போட்டவர் யாரைப் பார்த்தாலும் ஆகாது. வெறுப்பு புத்திக் குறைவா, குணமா, நோயா? மாத்திரை இருக்கிறதா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: மாத்திரையை முதலில் முடித்துவிடுவோம். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் நாங்கள் எழுதும் ப்ராப்ரனலாலை 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 36 பேர், பாதிப் பேருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. மாத்திரை போட்டவர்களிடம், தங்களை அறியாமல் வெளிப்படும் இனச் சாய்வு குறைந்தது. வாய்விட்டுச் சொன்ன கருத்து மாறவில்லை. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்தான மருந்து வேறு. மாமியார் காபியில் கலக்கிவிடாதீர்கள்!

நோயா என்பது பழைய வழக்கு. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, அங்குள்ள கறுப்பின மனநல மருத்துவர்கள் சிலர், தீவிர இனவெறியை மனநோய்ப் பட்டியலில் சேர்க்கக் கேட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் மறுத்துவிட்டது. இவ்வளவு பேருக்கு இருப்பதை நோய் என்று எப்படிச் சொல்வது, இது சமூகத்தின் கோளாறு என்றார்கள். ஆல்வின் பூசான்ட் என்ற ஹார்வர்டு மருத்துவர் அப்புறமும் பல ஆண்டுகள் இதற்காக வாதாடினார். பட்டியலில் இன்றும் இல்லை.

சரி, புத்திக்கு வருவோம். உங்கள் கணவர் பக்கம் ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் 1958-லும் 1970-லும் பிறந்த குழந்தைகளை வளர்ந்த பிறகும் விடாமல் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் உண்டு. மொத்தம் 15,000-க்கும் மேற்பட்டோர். பத்துப் பதினொரு வயதில் அறிவுத்திறன் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களிடம், முப்பது வயதுவாக்கில் இனவெறி சற்றுக் கூடுதலாக இருந்தது. அவர் இதைப் படித்தால் தன் அம்மாவிடம் நீட்டுவார்.

ஆனால் அந்த ஆய்வு கேட்டது ஒரே வகை வெறுப்பைப் பற்றி. மார்க் பிராண்ட், ஜாரெட் கிராஃபோர்டு என்ற இரு உளவியலாளர்கள் 2016-ல் கேள்வியை அகலமாக்கினார்கள். கிட்டத்தட்ட 6,000 அமெரிக்கர்கள், 24 குழுக்கள். ஒவ்வொரு குழு மேலும் எவ்வளவு கனிவு என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண் கொடுக்க வேண்டும். அறிவுத்திறனை அளக்க வைத்த சொல்வளத் தேர்வில் குறைவாக எடுத்தவர்கள் கறுப்பினத்தவர், ஓரினச்சேர்க்கையாளர் போன்றோருக்குக் குறைத்துப் போட்டார்கள். அதிகம் எடுத்தவர்கள்? கிறிஸ்தவ அடிப்படைவாதிகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் குறைத்துப் போட்டார்கள். முதல் வகை, பிறப்பால் அமைவது. இரண்டாவது, தானாகத் தேர்ந்துகொண்டது என்று பிறர் நினைப்பது. ‘அவனாகப் போய் விழுந்தான், திட்டினால் என்ன?’ என்ற நியாயம் படித்தவருக்குச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. ஆக, புத்தி பெரும்பாலும் யாரை வெறுப்பது என்பதைத்தான் மாற்றுகிறது. உங்கள் கடிதத்தில் பட்டையும் மாலையும் வந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள். (எட்டாவதோடு நின்றது உங்கள் மாமியாரின் புத்தி அல்ல, பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் வயதுக்கு வந்ததும் பெண்ணை நிறுத்திவிடுவார்கள்.)

குணத்திலும் இப்படித்தான். புதியதை விரும்பும் மனம் உள்ளவர்கள் மரபை மீறியவர்களிடம் இணக்கமாக இருக்கிறார்கள், மரபைப் பிடித்துக்கொண்டவர்களிடம் அவ்வளவு இணக்கம் இல்லை. அடுத்தவரோடு அனுசரித்துப் போகும் கனிவு குறைந்தவர்கள்தான் ஏறக்குறைய எல்லோர்மேலும் எரிந்து விழுகிறார்கள். எதுவானாலும் இவை சராசரிகள், அளவிலும் சிறியவை. அதை வைத்து உங்கள் வீட்டில் இருவருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

வாதம் செய்து யாரையும் மாற்றியதாக என் அனுபவத்தில் இல்லை. பழக்கம் மாற்றுகிறது. 2006-ல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நேரில் பழகுவது பெரும்பாலும் வெறுப்பைக் குறைத்திருந்தது. அட்வான்ஸ் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் குடும்பத்தை ஒருநாள் காபிக்குக் கூப்பிடுங்கள். குழந்தை இருந்தால் அழைத்து வரச் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. ‘இந்த ஒரு வருடமாகத்தான்’ என்றீர்களே, பாத்திரத் திருட்டுச் சந்தேகம் வேறு. வயதானவருக்குப் புதிதாக வரும் சந்தேகத்தைக் குணம் என்று ஒதுக்க மாட்டேன். காது மந்தமானால், அருகில் பேசுபவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். மறதி நோயின் தொடக்கத்தில் மறதியைவிடச் சந்தேகம் முந்திக்கொள்வதும் உண்டு. காதைச் சோதியுங்கள், தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டோடு நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பாத்திரம் காணாமல் போனதாகச் சொன்ன நாட்களையும், அது பிறகு எங்கே கிடைத்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.