கணக்கெடுப்புக்கு வந்தவர் ஆதாரும் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்டால்

கொடுக்க வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் கேள்விகளில் குடிநீர், கழிப்பறை, சமையல் எரிபொருள், ஏன் கைபேசி எண்கூட உண்டு, ஆனால் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ கிடையாது. அநேகமாக கணக்கெடுப்பின் பெயரைச் சொல்லி யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள்.

மறுபடி வந்தால் வாசலிலேயே அடையாள அட்டையும் நியமனக் கடிதமும் கேளுங்கள், அப்புறம் பெயரைக் குறித்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். ஃபோனில் ஓடிபி கேட்டால் பேச்சே வேண்டாம்.

சொன்ன பதில் வருமான வரிக்காரர்களிடம் போகுமா என்ற பயம் வேண்டாம்: 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அந்தப் பதிவேடுகளைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கைத் தவிர வேறெதிலும் அவை சாட்சியமாகவும் செல்லாது. ஆனால் உண்மையான கணக்கெடுப்பாளருக்குப் பதில் சொல்ல மறுத்தால் ₹1000 வரை அபராதம் உண்டு, அதனால் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்திவிடாதீர்கள்.