எச்.ஐ.வி. உள்ளவருக்கு எடை குறைந்தால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். எச்.ஐ.வி. தொற்றுள்ள உங்கள் மைத்துனர் நான்கே மாதங்களில் எட்டுக் கிலோ இளைத்துவிட்டார் என்றும், பசி எடுக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வாங்கித் தரும்படி தெரிந்தவர்கள் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதே மாத்திரையைச் சாப்பிட்டு என் தம்பி பட்ட பாட்டைச் சொன்னால் காரணம் விளங்கும்.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவன் அவன். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடாதபோதும் உடம்பு கரைந்துகொண்டே போய், அரைஞாண் கயிற்றை இரண்டு முறை இறுக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. அப்போது ஒரு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கொடுத்த ‘பசி மாத்திரை’ டெக்சாமெத்தசோன்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. சில நாட்களிலேயே நன்றாகச் சாப்பிட்டான்; கன்னம் உப்பியதைப் பார்த்து, பிள்ளை தேறிவிட்டான் என்று அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். ஆனால் களை எடுக்கக் குத்தவைத்து உட்கார்ந்தவனால் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. நாக்கிலும் வெள்ளை படர்ந்துவிட்டது.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துப் போனபோதுதான் விவரம் புரிந்தது. ஸ்டீராய்டு பசியைத் தூண்டுவது உண்மை. ஆனால் அதனால் ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பும் நீரும்தான். தசையிலுள்ள புரதத்தையோ அது கரைக்கிறது, அதிலும் தொடைத் தசையை முதலில். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியை மேலும் அடக்கி, உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடவும், சர்க்கரையை ஏற்றவும் கூடும். ரிட்டோனாவிர் கலந்த எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்கு ஸ்டீராய்டு உடம்பில் தேங்கிவிடும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தானாகக் குறைந்தால் அதன் காரணத்தைத் தேட வேண்டும்: காசநோயா, நாள்பட்ட வயிற்றுப்போக்கா, விழுங்க முடியாத வாய்ப்புண்ணா, எச்.ஐ.வி. மருந்தே வேலை செய்யவில்லையா என்று. என் தம்பிக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் தெரிந்தது. தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையில் சேர்த்தோம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், அவன் சாப்பிட்டுவந்த எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிரின் அளவை உடம்பில் குறைத்துவிடும் என்பதால் டொலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு வேளையாக மாற்றினார்கள். அந்தச் சிகிச்சையில்தான் உண்மையான எடை ஏறியது, அதுவும் மெதுவாக.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஸ்டீராய்டே ஆகாது என்பதல்ல. நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவில் மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தால் 21 நாள் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது. காசநோய் மூளையுறையைத் தாக்கும்போதும் தருகிறார்கள். அவையெல்லாம் மருத்துவர் நாள் கணக்கு வைத்துக் கொடுப்பவை.

மைத்துனர் ஏற்கெனவே சில வாரங்கள் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி அதற்குள் ஓய்ந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். அந்த மாத்திரை அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு நாளைக்கே ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துப் போங்கள். படிப்படியாகக் குறைக்கும் அளவை அவர்கள் எழுதித் தருவார்கள்.