ஒரு துளிக்கு ஒரு செல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

துளிக்குள் ஒரே ஒரு செல்தான் போகும் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

உறுதியெல்லாம் இல்லை, நிகழ்தகவுதான். செல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஆராய, மெல்லிய கால்வாய்கள் பொறித்த சிறு தகடான 'சிப்'பைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நுண்கால்வாயில் செல் கலந்த நீரை இரு பக்கமும் எண்ணெய் நெருக்க, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் துளிகள் அறுந்து விழும். எதில் செல் மாட்டும் என்பது தற்செயல். அதனால் கரைசலை நன்றாக நீர்க்கவைத்து, சராசரியாக 10 துளிக்கு ஒரு செல் வரும்படி பார்த்துக்கொள்வார்கள். அப்போது 100 துளிகளில் சுமார் 90 காலி, 9-இல் ஒற்றைச் செல். இரண்டோ மேலோ மாட்டுவது ஏறக்குறைய 200-க்கு ஒரு துளியில். இவ்வளவு வீணா என்று கேட்கலாம். வேகம் அதை ஈடுகட்டிவிடும். 2015-இல் வெளியான டிராப்-சீக் முறை ஆயிரக்கணக்கான செல்களின் ஆர்.என்.ஏ.வை (எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று காட்டும் நகல்களை) தனித்தனியாகப் படித்தது இப்படித்தான். 'ஒற்றைச் செல்' என்று எந்த ஆய்வு சொன்னாலும், இரட்டைகள் (இரு செல்கள் ஒரே துளியில் மாட்டியவை) எத்தனை சதவீதம் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

ஒவ்வொரு செல்லாக வைத்து ஓர் உறுப்பையே அச்சிட முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் திசுவில் 10 கோடி செல்கள் என்று வைத்தால், விநாடிக்கு ஒன்றாக அடுக்கவே மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் முதலில் வைத்தவை செத்துப்போயிருக்கும். ரத்தக் குழாயிலிருந்து 100, 200 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அப்பால் போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் பற்றாது. ஒற்றைச் செல் அச்சு பயன்படும் இடம் வேறு: துளி விடும் நுனிக்குழாயைக் கேமராவால் பார்த்து, ஒரே ஒரு செல் உள்ள துளியை மட்டும் செல் வளர்க்கும் தட்டின் சிறு குழியில் விடுவார்கள். மருந்துக்கான ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் புரதம்) சுரக்கும் செல் வரிசை ஒரே தாய்ச் செல்லிலிருந்து வந்தது என்று காட்ட இது அவசியம்.

ரத்தத்தில் புற்றுநோய்ச் செல்லைப் பிடித்துவிட்டால் பயாப்ஸி (கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது) வேண்டாமா?

வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். நாம் தேடுவதோ ஒன்றிரண்டு, சில சமயம் அதுவும் இல்லை. அளவை வைத்துப் பிரித்தால் வெள்ளையணுக்களும் கூடவே வரும். ஆன்டிபாடியால் பிடித்தால், அது பற்றிக்கொள்ளும் அடையாளப் புரதத்தை இழந்த புற்றுநோய்ச் செல்கள் தப்பிவிடும். பிடிபட்ட புற்றுநோய்ச் செல்களின் எண்ணிக்கை, பரவிய நோயின் போக்கை மதிப்பிட உதவும், அவ்வளவுதான்.

எங்கள் சிப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

சிப்பை விடுங்கள், மாதிரியைப் பாருங்கள். செத்த செல்களிலிருந்து கசியும் டி.என்.ஏ. மற்றவற்றையும் சேர்த்து ஒட்டவைக்கும். டி.என்.ஏ.வைத் துண்டாக்கும் டி.என்.ஏஸ் நொதி சேர்த்து, 40 மைக்ரான் வலையில் வடிகட்டி ஏற்றுங்கள். கரைசலில் ஈ.டி.டி.ஏ. (நொதிக்கு வேண்டிய உலோக அயனிகளைக் கட்டிப்போடும் வேதிப்பொருள்) இருந்தால் அந்த நொதி வேலை செய்யாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.